பதில் மட்டும் வேண்டாம், ஐயா!

போன மாதம் திருமலை அடிவாரத்து அலிபிரியில் ஒரு எம்.எல்.ஏ.வின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"ஐயா, எங்க ஊர்க் கேள்விக்கு மட்டும் மந்திரிகிட்ட பதில் வாங்கிடாதீங்க!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மலைக்குக் கால்நடையாகப் புறப்பட்டவர். நெற்றியில் புது நாமம், தோளில் துண்டு, வாயில் 'கோவிந்தா'. நான் கையைப் பிடித்ததும் கோவிந்தா பாதியில் நின்றுவிட்டது.

பாவம் மனுஷன்! ரோடு கேட்பார்கள், கிணறு கேட்பார்கள், மருமகனுக்கு வேலை கேட்பார்கள். பதில் வேண்டாம் என்று எந்த ஊரிலாவது யாராவது கேட்பார்களா?

நான் கேட்டேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்காதீர்கள். முழுசாகச் சொல்கிறேன் — கேட்டுவிட்டு நீங்களும் குழம்புங்கள்.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ரயில் பாதையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் தமிழ், தாலுகா கச்சேரியில் தெலுங்கு. நாங்கள் சிவனே என்று இருக்கிற இடத்திலேயேதான் இருக்கிறோம். தலைநகரம்தான் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முதலில் மெட்ராஸ் என்றார்கள். பிறகு கர்னூல். அப்புறம் ஹைதராபாத். இப்போது ஆந்திராவுக்கும் மெட்ராஸுக்கும் எல்லை எது என்று திரும்பவும் பேசுகிறார்கள். மறுபடி மெட்ராஸ்தான் என்கிறார் ஒருவர். வாய்ப்பே இல்லை என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே நாவிதரிடம் முகம் மழித்துக்கொள்கிறவர்கள் என்பதால் எங்களுக்கு வாரம் இரண்டு முறை ராஜ்யம் மாறுகிறது.

ஊரில் ஒரு பிரசவ விடுதி உண்டு. ஊர்க்காரர்களே கல் சுமந்து, ஓடு வேய்ந்து கட்டியது. கட்டில் இருந்தது, போர்டு இருந்தது. நர்ஸ் இல்லை. யாரோ உள்ளே ஆடு கட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

போன வருஷம் என் சித்தப்பா மகள் காமாட்சிக்கு வலி எடுத்தது. மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பாதி வழியில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. வண்டி ஓட்டியவன் நான். அதை இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் இதுவரை எழுதவே இல்லை. இப்போதும் இதற்கு மேல் எழுத வரவில்லை.

அதற்குப் பிறகுதான் ஊரே திரண்டு எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனது. தெலுங்கர், ஆனால் நன்றாகத் தமிழ் பேசுவார். நல்லவர். அப்படியே சட்டசபையில் கேள்வி போட்டுவிட்டார். 'இந்த ஊர் பிரசவ விடுதியில் நர்ஸ் இல்லை என்பது மந்திரிக்குத் தெரியுமா?'

சட்டசபைக் கேள்வி என்றால் சட்டென்று எழுந்து கேட்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். முன்னதாகவே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அது மந்திரிக்குப் போய், இலாகாவுக்குப் போய், சித்தூருக்கு வந்து, தாலுகாவுக்கு வந்து, கடைசியில் எங்கள் ஊர்க் கணக்கு எழுதுகிற கர்ணத்திடம் வந்து நின்றது. கர்ணம் குடையோடு விடுதி வாசலுக்கு வந்தார். ஆட்டைப் பார்த்தார். ஆடு அவரைப் பார்த்தது.

"நர்ஸ் உன்னாரா, லேதா?" இருக்கிறாரா, இல்லையா என்று தெலுங்கில் கேட்டார்.

"லேது" என்றோம், ஊரோடு.

சபையில் எழுந்து நின்று 'லேது' என்று சொல்ல எந்த மந்திரிக்குத்தான் பிடிக்கும்? ஒரே வாரத்தில் நர்ஸ் வந்துவிட்டார்! எஸ்தர் என்று பெயர். சித்தூர்க்காரர். கையில் ஒரு ட்ரங்குப் பெட்டி. நாங்கள் ஆரத்தி எடுத்தோம், மேளம் வைத்தோம், ஆட்டை அவிழ்த்தோம். ஹைதராபாத்தில் மந்திரி கம்பீரமாகப் பதில் சொன்னார்: 'நர்ஸ் பணியில் இருக்கிறார்.' உண்மைதானே?

பதில் சொன்ன அடுத்த வாரம் நர்சம்மா பஸ் நிற்கிற இடத்தில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா நர்சம்மா, லீவா?"

"லீவும் இல்ல, ஒண்ணும் இல்லண்ணா. உங்க ஊரு கேள்வி முடிஞ்சிபோச்சி. பாகாலா பக்கம் ஒரு ஊருக்குக் கேள்வி வந்துகீது. அங்க போய் நிக்கணும்."

"அங்க முடிஞ்சா?"

"வேற எங்க கேக்கிறாங்களோ, அங்க. நானு பொட்டியப் பிரிக்கிறதே இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே நர்ஸ்... எத்தனை ஊருக்குப் பதில்?

எம்.எல்.ஏ.வுக்குக் கோபம் வந்துவிட்டது. மறுபடியும் கேள்வி போட்டார். மறுபடியும் கர்ணம், மறுபடியும் குடை. அதற்குள் பாகாலா பக்கத்துக் கேள்வி முடிந்திருந்ததால் மறுபடியும் எஸ்தர், மறுபடியும் அதே பெட்டி. ஆனால் இந்த முறை எங்கள் அதிர்ஷ்டம்... எங்கள் கேள்வியின் முறை வருவதற்குள் சபையை ஒத்திவைத்துவிட்டார்கள்! கேள்வி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. கேள்வி நிற்க, நர்சம்மாவும் நின்றார். விடுதி வாசலில் துளசி வைத்தார். ஊரில் நாலைந்து குழந்தைகள் சுகமாகப் பிறந்தன.

சூட்சுமம் புரிந்துவிட்டது. கேள்வி இருக்கிற வரைக்கும் நர்ஸ். பதில் வந்தால் பஸ்.

இந்த நேரத்தில்தான் என் தங்கை மரகதம் முழுகாமல் இருந்தாள். வழக்கமாகப் படிப்பவர்களுக்கு மரகதத்தைத் தெரியும் — என் எழுத்தைப் படிக்காமலே 'நல்லாத்தாண்ணா கீது' என்று சொல்கிற ஒரே ஜீவன். திருத்தணியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரி உண்டு. அங்கேயே இருக்கட்டுமே என்றேன்.

அம்மா பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள். "இன்னாடா பேசற? தலப்பிரசவத்த மாமியா ஊட்ல வச்சிக்கினா நாலு பேரு காறித் துப்ப மாட்டாங்க? உங்க நைனா இருந்தா இப்பிடிப் பேச உடுவாரா? அதான் நம்மூர்ல நர்சம்மா கீறாங்களே!"

சம்பந்தியம்மாளும் அதைத்தான் சொன்னார். நர்ஸ் இருக்கிறதனால்தான் அனுப்புகிறோம் என்று நாலு பேர் முன்னால் என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினேன். வளைகாப்பு முடித்து மரகதத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாயிற்று.

வந்த மறுநாள் புத்தூரிலிருந்து ஒருவர் செய்தி கொண்டுவந்தார். எம்.எல்.ஏ. பொதுக்கூட்டத்தில் மார்தட்டிப் பேசியிருக்கிறார். 'வர்ற கூட்டத்துல முதல் வேலை, அந்த நர்ஸ் கேள்விக்கு மந்திரிகிட்ட பதில் வாங்காம விடமாட்டேன்!' ஜனங்கள் கைதட்டினார்களாம்.

பதில் வந்தால் பஸ் ஆயிற்றே! அவர் வீட்டுக்கு ஓடினேன். திருமலைக்குப் போய்விட்டார், சாமி தரிசனம் முடித்து அப்படியே ஹைதராபாத் என்றார்கள். பஸ் பிடித்துத் திருப்பதி, அங்கிருந்து அலிபிரி. அப்புறம்தான் மேலே சொன்ன கெஞ்சல்.

"ஏமி சாமி இது?" என்றார் படி ஏறிக்கொண்டே. "கேள்வி கேக்கலன்னாலும் திட்றீங்க, கேட்டாலும் திட்றீங்க! வேணாம்னா சொல்லுங்க, கேள்விய வாபஸ் வாங்கிர்றேன்."

"ஐயோ, வாபஸ் வேணாம்! வாபஸ் வாங்கினா கேள்வி இல்ல. கேள்வி இல்லன்னா நர்ஸ் இல்ல!"

"அப்ப கேக்கட்டுமா?"

"கேட்டா பதில் சொல்லிடுவாங்களே!"

படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த கோவிந்தா கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறியது. எனக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. காமாட்சியைப் பற்றிச் சொன்னேன். மரகதத்தைப் பற்றிச் சொன்னேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "மீ ஊரு ஆந்திராவா, மெட்ராஸா?" என்றார்.

"அது யாருக்குங்க தெரியும்?"

"அதேதான்!" என்று தொடையில் தட்டிக்கொண்டு எழுந்தார். "யாருக்கும் தெரியாது. சரி, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் பாத்துக்கறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இறங்கி வந்தேன்.

சட்டசபைக் கூட்டம் முடிந்து அவர் புத்தூர் ஸ்டேஷனில் இறங்கியபோது நான் காத்துக்கொண்டிருந்தேன். பிளாட்பாரத்திலேயே நடித்துக் காட்டினார். அவரே மந்திரி, அவரே சபாநாயகர், அவரே அவர்.

மந்திரி வழக்கம்போல 'நர்ஸ் பணியில் இருக்கிறார்' என்று சொல்லி முடித்து உட்காரப் போயிருக்கிறார். இவர் எழுந்து துணைக் கேள்வி போட்டிருக்கிறார். 'அந்த ஊர் நம்ம ராஜ்யத்திலேயே இருக்குமா, மெட்ராஸுக்குப் போகுமா? போனால் நர்ஸும் ஊரோடு போவாரா, ஊரை விட்டுவிட்டு இங்கே வருவாரா?'

மந்திரி எழுந்தார். கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார். பின்னால் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். 'தகவல் சேகரிக்கப்பட வேண்டும்' என்றார். அப்படியானால் முழுத் தகவல் வரும் வரைக்கும் கேள்வியை ஒத்திவைக்கிறேன் என்று சொல்லிவிட்டார் சபாநாயகர்.

"எல்லை தீர்ற வரைக்கும் எவனாலயும் பதில் சொல்ல முடியாது" என்று எம்.எல்.ஏ. கண்ணைச் சிமிட்டினார். பிளாட்பாரம் என்றும் பாராமல் அவரைக் கட்டிக்கொண்டேன்.

போன வாரம், நல்ல உச்சி வெயிலில், மரகதத்துக்கு வலி எடுத்தது. நர்சம்மா உள்ளே இருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. விடுதி வாசலில் வண்டியைப் பூட்டி நிறுத்திக்கொண்டு, மாட்டின் தும்புக்கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். குழந்தைக்குக் கால் முதலில் வருகிறது என்று அம்மா வெளியே வந்து அழுதாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வண்டிப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளேயிருந்து வீல் என்று ஒரு குழந்தைச் சத்தம்.

இனி வண்டி வேண்டாம் என்று மாட்டை அவிழ்க்கப் போனேன். முடிச்சு அவிழவில்லை. அதற்குள் நர்சம்மா வெளியே வந்து சொன்னார்: பெண் குழந்தை. தாயும் சுகம்.

ஊரே சிரித்தது. நர்சம்மாவுக்குப் புடவை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். ஆனால் முகம் சரியில்லை.

"இன்னா நர்சம்மா?"

"ஒண்ணும் இல்லண்ணா. பாகாலா பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு கீது. வயித்துல ரெட்டையோன்னு எனக்கு சந்தேகம். நானு பொறப்படச்சொல்லோ கையப் புடிச்சிக்கினு உடல. எப்ப வருவேன்னு கேட்டா. அவ ஊருக்கு மறுபடி கேள்வி வந்தா வரேன்னு சொன்னேன். இது அவளுக்குக் கடைசி மாசம்."

புடவையை மடித்து அந்தப் பெட்டியின் மேலே வைத்தார். என் சந்தோஷம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் மலை ஏறிக் கெட்டிக்காரத்தனமாக நிறுத்திவைத்தது யாருடைய நர்ஸை?

நேற்று மறுபடியும் எம்.எல்.ஏ.விடம் போனேன். பாகாலா பக்கத்து ஊருக்கும் யாராவது ஒரு கேள்வி போடக் கூடாதா என்றேன்.

"போடலாமே. அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ. நம்ம ஃப்ரெண்டுதான், சொன்னா நாளைக்கே போடுவார்" என்றவர், என் முகத்தைப் பார்த்தார். "கேள்வி போனா பதிலுக்கு யார் போவாங்க சாமி? அதே நர்ஸ்தானே? இன்னொருத்தர் இருந்தா நாம ஏன் இந்தக் கூத்தெல்லாம் அடிக்கிறோம்? போடச் சொல்லட்டுமா? நீங்களே செப்பண்டி."

நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அவரும் வற்புறுத்தவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி வள்ளியம்மா வாசலில் நிற்கிறாள். ஏழாம் மாதம். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கேட்கிறாள்: "ஏண்ணா, நம்ம கேள்வி இன்னும் கீது இல்ல?"

"கீதும்மா" என்றேன். நிம்மதியாக உள்ளே போனாள்.

எனக்குத்தான் ராத்திரி சோறு இறங்கவில்லை. பாகாலாவுக்கு ஒரு கேள்வி போடச் சொல்லட்டுமா, வேண்டாமா? எழுதுங்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் உடனே வேண்டும்... இரண்டு ஊரிலும் பெண்கள் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.