பிலோமினம்மாளின் சிவப்புத் தலைக்குட்டை

சாவியைத் திருகுவதற்கு முன் பிலோமினம்மாள் சிலுவை போட்டுக்கொள்கிறார். அடுத்து, சிவப்புத் தலைக்குட்டையைத் தாடைக்குக் கீழே இழுத்து முடிச்சுப் போடுகிறார். இரண்டில் எது விட்டுப்போனாலும் வேன் நகராது. "பாப்பா, சீட்ல உக்காரு லா! இது என்ன பிளேகிரவுண்டா?" என்று ஓர் அதட்டல். சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்குப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பிவிடுவார்கள். என் மகளும் அந்த வேனில்தான் போகிறாள்.

அந்தத் தலைக்குட்டைக்கு உண்மையான சொந்தக்காரி ஒரு நடிகை. எழுபத்தாறில் டிவியில் வாராவாரம் ஓர் அமெரிக்கத் தொடர் வந்தது. துப்பறியும் போலீஸ்காரர் ஒருவர் கார்களை மோதி நொறுக்கிக்கொண்டே இருப்பார். அதில் ஒரே ஒரு வாரம் வந்துபோனாள் அவள். தலைக்குட்டை கட்டிக்கொண்டு, மலைச்சரிவில் பிரேக் பிடிக்காத லாரியை ஓட்டிக்கொண்டு போய்க் கதாநாயகனைக் காப்பாற்றுவாள். கடைசியில் குண்டடிபட்டுச் சாவாள். பிலோமினம்மாள் அப்போது ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த இளம் விதவை. பக்கத்து வீட்டு அன்னம்மாவின் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்தாராம். "பொம்பளை லாரி ஓட்டுறா! நான் வாயப் பொளந்துட்டு உக்காந்துட்டேன்."

அந்த வருஷக் கல்லறைத் திருநாளுக்கு இவர் செய்த காரியம் இருக்கிறதே! கதையில் அவளுக்கு வைத்திருந்த பெயரைச் சொல்லிப் பூசைக்குக் கொடுத்துவிட்டார். மாதா கோயிலில் இறந்தவர்களின் பெயரோடு பெயராகச் சாமியார் அதையும் வாசித்தார். இதைக் கேட்டு நான் சிரித்தபோது கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? அடுத்த வாரமே அந்தப் போலீஸ்காரன் அவள மறந்துட்டு வேற கேஸுக்குப் போயிட்டான். யாராச்சும் ஒருத்தர் நினைக்க வேணாமா?"

டிரைவிங் டெஸ்டில் திரும்பத் திரும்பத் தோற்றவர், தேக்காவில் வாங்கிய சிவப்புத் தலைக்குட்டையோடு போன அன்று பாஸாகிவிட்டார். சலவைக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டுப் பள்ளி வேன் ஓட்ட வந்தார். அன்று முதல் அந்தக் குட்டை தலையை விட்டு இறங்கவில்லை. "கறுப்பு வெள்ளையில சிவப்பு உனக்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சது?" என்று அன்னம்மா சீண்டுவார். "அவ்வளவு தைரியக்காரி வேற என்ன கலர்ல கட்டுவா அக்கா?" என்பது இவர் பதில்.

போன மாதம் பிலோமினம்மாள் வீட்டுக்குக் கலர் டிவி வந்தது. பின்னாலேயே, பழைய தொடரை மறுபடி போடுகிறார்கள் என்ற செய்தியும் வந்தது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், மனுஷிக்குத் தூக்கமே போய்விட்டது.

"சிவப்பு இல்லேன்னா என்ன பண்றது? அவளுதுன்னு நம்பித்தானே ஸ்டியரிங்கத் தொட்டேன்," என்று வேன் பக்கத்தில் நின்று என்னிடம் கேட்டார். வாயாடி என்று புளோக் முழுக்கப் பேரெடுத்த பெண்ணின் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் கூடினோம். தலைக்குட்டை கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அன்னம்மா முறுக்கு கொண்டுவந்திருந்தார். யாரும் தொடவில்லை. லாரி வளைவில் திரும்பியது. அவளேதான். அதே முறைப்பாம், அதே தாடையாம். பிலோமினம்மாள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். காமிரா கிட்டே போனது.

அவள் தலையில் இருந்தது நல்ல கரும்பச்சை.

எட்டு வருஷமாகக் கேலி செய்த அன்னம்மா முறுக்குத் தட்டை இவர் பக்கம் நகர்த்தினார். "விடு பிலோமி, பச்சையும் நல்லாத்தானே இருக்கு," என்றார் மெல்ல.

பிலோமினம்மாள் எழுந்தார். பெட்டியை அணைத்துவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கலர் குமிழைப் பிடித்து, இடப்பக்கமாக, அதற்கு மேல் திரும்பாத வரைக்கும் திருகினார். வானம் வெளுத்தது, மலை வெளுத்தது, பச்சையும் போய்ப் பழைய கறுப்பு வெள்ளை வந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, தாடைக்குக் கீழே முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.