ஏழாம் ஆணி

அந்தக் குளிர்க் கிடங்கில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். பூட்டுவது அவள் வேலையே இல்லை. மீன் பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் அடுக்குவதும், லாரி வந்தால் வெளியே எடுத்து வருவதும்தான் வேலை. ஆனால் ஃபோர்மேன் பெரிய கதவை மூடிவிட்டு நகர்ந்ததும், அவள் மட்டும் பின்தங்கி, கதவில் காதை வைத்துப் பத்து எண்ணுவாள். அதற்கப்புறம்தான் சாப்பாட்டு டப்பாவைத் தேடிப் போவாள்.

"என்னக்கா, மீனெல்லாம் நல்லா இருக்குதுங்களா?" என்று ரேடியோ கேட்பான். வாயை மூடவே தெரியாததால் அவனுக்கு அந்தப் பெயர். பூட்டக்கா என்று இவளுக்கு வைத்ததும் அவன்தான்.

"உன்னப் பத்திதான் பேசிக்கிட்டு இருக்குதுங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆனால் காதுக்குள் அந்தச் சத்தம் இருந்துகொண்டே இருக்கும். டொக். டொக். டொக். அவசரமே இல்லாத மூன்று தட்டு. பஸ்ஸின் கதவு மூடினாலும் கேட்கும். வீட்டில் ஃப்ரிட்ஜை மூடினாலும் கேட்கும். மூடிய ஃப்ரிட்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்துப் புருஷன் முதலில் மிரண்டான். போகப்போகப் பழகிவிட்டது. "தக்காளி எங்கயும் ஓடிடாது, வா" என்று கூப்பிடுவான்.

பதினொரு வருஷமாக இப்படி.

கிடங்கின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை. அதில் எண் எழுதிய ஆணிகள். ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளைத் தகடு, ஒரு ஆணி. உள்ளே போகும்போது தகட்டை அவரவர் ஆணியில் மாட்டவேண்டும். வெளியே வந்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளவேண்டும். பலகை காலியாக இருந்தால் உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். கதவை மூடலாம். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிகிற ஏற்பாடு. அவளுடைய எண் ஏழு.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஃபோர்மேனுக்கு ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது. "ஒரு மணி நேரம்தாம்மா, பாத்துக்கோ" என்று சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். முதல் முதலாக வந்த பொறுப்பு. காலர் சற்று உயர்ந்தது என்றுகூடச் சொல்லலாம். நான்காம் எண்காரனின் ஆணி அந்த வாரம்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தது. அவன் உள்ளே போகும்போது, இவள்தான் இன்றைக்கு வெளியே நிற்கிறாளே, ஏழு சும்மாதானே கிடக்கிறது என்று தன் தகட்டை அதில் மாட்டிவிட்டுப் போனான். சொல்லவில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

சரக்கு முடிந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். அவள் பலகையைப் பார்த்தாள். ஏழாம் ஆணியில் மட்டும் ஒரு தகடு. 'அட, என்னுது. காலையில போனப்ப மாட்டினத எடுக்கவே இல்ல' என்று நினைத்துக்கொண்டாள். நாம் இருக்கிறோமா என்று யாரும் தன்னைத்தானே எண்ணிப் பார்ப்பதில்லை. அவள் தகடு அவள் குளிர்கோட்டின் பைக்குள்தான் இருந்தது.

விளக்கை அணைத்தாள். கதவை மூடினாள். நகரும்போது உள்ளேயிருந்து மூன்று தட்டு கேட்டது. கம்ப்ரஸர் ஓட ஆரம்பிக்கிறது என்று எண்ணிப் போய்விட்டாள்.

அடுத்த லாரி வர ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது நான்காம் எண்காரன் கடைசிச் சுவரோரம் கிடந்தான். கிழிந்த பெட்டிக்குக் கயிறு கட்டுவதற்காகக் கையுறையைக் கழற்றியிருக்கிறான். இருட்டில் அது எங்கே விழுந்ததென்று தெரியவில்லை. உள்பக்கக் கைப்பிடி பனியில் இறுகிப்போயிருந்தது. உயிர் தப்பியது. வலது கையில் மூன்று விரல் போனது.

அடுத்தவர் ஆணியில் மாட்டியது அவன் தப்பு என்று ஆபீசில் எழுதி, விஷயத்தைக் காதும் காதும் வைத்தாற்போல முடித்தார்கள். அவனுக்குக் கேட்டில் காவல் வேலை கொடுத்தார்கள். அன்றிலிருந்து அவன் கேட்டண்ணன். தினமும் காலையில் இடது கையைத் தூக்கி, "வந்துட்டீங்களா?" என்பான். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போவாள். பதினொரு வருஷத்தில் இருவரும் பேசியது அவ்வளவுதான்.

இப்போது ஃபோர்மேனுக்கு முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. மாதக் கடைசியோடு நிற்கப்போகிறார்.

"எனக்கப்புறம் நீதாம்மா" என்றார்.

"வேணாண்ணே."

"ஏன் வேணாம்?"

"எனக்கு அதெல்லாம் சரிப்படாதுண்ணே."

ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேட்டார். அதே பதில்தான். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. "அப்போ ரேடியோகிட்ட சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னார்.

ரேடியோ தங்கமான பையன், பையன் என்றாலும் நாற்பதைத் தாண்டியவன். கேட்டண்ணனின் பழைய நாலாம் எண்ணும், திரும்ப அடித்த அந்த ஆணியும் இப்போது அவனுக்குத்தான். யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லையென்றால் முதல் ஆளாக ஓடுவான். மறுநாள் மதியம் பழக்கத்துக்காக என்று சாவி அவன் கையில் இருந்தது.

"எல்லாரும் வந்தாச்சா? வராதவங்க கை தூக்குங்க!" என்று கத்திவிட்டு, அவனே சிரித்துக்கொண்டு, பலகைப் பக்கம் திரும்பாமலே கதவை இழுத்து மூடினான்.

அவளுக்குக் கேட்டுவிட்டது. டொக். டொக். டொக். அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். வெள்ளைப் புகை காலைச் சுற்றியது. விளக்கைப் போட்டுக் கடைசிச் சுவர்வரை ஓடினாள். யாரும் இல்லை.

"அக்கா, நாலு பேரும் இங்கதான நிக்கிறோம்! கண்ணு தெரியுதா இல்லையா?" முதல் தடவையாக ரேடியோவின் குரலில் கோபம் இருந்தது.

அன்று வேலை முடிந்ததும் அவள் நேராக வெளியே போகவில்லை. கேட்டின் அறை வாசலில் போய் நின்றாள். கேட்டண்ணன் இரண்டே விரலுள்ள கையால் ஃப்ளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். உதவப் போகலாமா என்று அவளுக்குத் தோன்றி, பிறகு தைரியம் வரவில்லை.

"உக்காருங்க. என்ன, இன்னைக்கு உள்ள ஓட்டப் பந்தயமா?"

கேட்டிலிருந்து பார்த்தால் கிடங்கின் கதவு நேராகத் தெரியும். அவளுக்கு இத்தனை நாள் இது உறைக்கவே இல்லை.

"அண்ணே, அன்னைக்கு நீங்க தட்டினது எனக்குக் கேட்டுச்சு" என்றாள். புருஷனிடம்கூடச் சொல்லாத வார்த்தை. "மெஷினுன்னு நெனச்சுப் போயிட்டேன்."

அவன் மூடியைத் திருகுவதை நிறுத்தினான்.

"நான் தட்டலையே."

"மூணு தட்டுண்ணே. நல்லாக் கேட்டுச்சு."

"எங்கங்க தட்டுறது? லைட்டு போனதும் கதவு எந்தப் பக்கம்னே தெரியல. சுவரத் தடவிக்கிட்டே போனேன், எதிர்ப்பக்கமா போயிட்டேன். கதவுக்கிட்ட நான் வரவே இல்ல."

அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். இல்லை. இத்தனை வருஷம் ஒரு மனிதனின் கையென்று நினைத்து வைத்திருந்த சத்தம், இப்போது யாருடையதும் இல்லாமல் காதுக்குள் கிடந்தது.

"எம்மேல கோவம் இருக்காண்ணே?"

"இல்லன்னு சொன்னா பொய். சட்டைப் பொத்தான் போடும்போதெல்லாம் உங்க ஞாபகம்தான். எம் பொண்டாட்டி ஞாபகம்கூட அத்தன தடவ வர்றதில்ல." அவன் லேசாகச் சிரித்தான். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிட்டது. "உள்ள என் மச்சான் வேல பாக்குறான், தெரியும்ல? அஞ்சாம் நம்பர். இன்னைக்கு ரேடியோ கதவ மூடுனதப் பாத்தேன். நீங்க தொறந்ததையும் பாத்தேன்."

"என்னால அந்தச் சாவியத் தொட முடியலண்ணே."

"தொடாமயேதான் பதினோரு வருஷமா ஃபோர்மேன் மூடுன கதவுக்கு நீங்கதான காவலு. சம்பளம் மட்டும் அவருக்கு." ஃப்ளாஸ்க்கை அவள் பக்கம் நகர்த்தினான். "இதத் தொறந்து குடுங்க மொதல்ல."

திறந்து கொடுத்தாள்.  அவன் மூடியில் ஊற்றி முதலில் அவளுக்கு நீட்டினான்.

மறுநாள் காலையில் ஃபோர்மேன் முன்னால் போய்க் கையை நீட்டினாள். ரேடியோ பெருமூச்சு விட்டான். "அப்பாடா! நேத்து ஒரு மணி நேரத்துக்கே எனக்குப் பேச்சு வரல" என்றான்.

சாவியை வாங்கியதும் அவள் செய்த முதல் காரியம், சுத்தியலைத் தேடி எடுத்தது. அதன் பிளந்த பக்கத்தைக் கொடுத்து ஏழாம் ஆணியைப் பிடுங்கினாள். துருவேறிப்போன ஆணி, முனகிக்கொண்டுதான் வந்தது. தன் தகட்டை ஃபோர்மேனிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"சாவி வச்சிருக்கறவங்களுக்கு இனிமே ஆணி கெடையாது. ஒரு ஆணிக்கு ஒரு தகடு. ஆணி போச்சுன்னா, இன்னொண்ணு அடிக்கற வரைக்கும் உள்ள போகாதீங்க" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

மதியம் சரக்கு முடிந்தது. நாலு பேரும் வெளியே வந்து தகட்டை எடுத்துக்கொண்டார்கள். அவள் ஆணி ஆணியாகத் தொட்டுப் பார்த்தாள். ஏழு இருந்த இடத்தில் வெறும் ஓட்டை. அதையும் தொட்டாள். உள்ளே போய்க் கடைசிச் சுவரில் கையை வைத்துவிட்டு வந்தாள். விளக்கை அணைத்தாள். கதவை மூடினாள்.

டொக். டொக். டொக்.

பலகை காலி. நாலு பேரும் கண்முன்னால் நிற்கிறார்கள். தூரத்தில் கேட்டண்ணன் அறைக்கு வெளியே வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சாவியை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று கால் துடித்தது.

அவள் கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள். உள்ளே போய் வரிசை வரிசையாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். யாரும் சிரிக்கவில்லை. மறுபடி மூடி, கதவில் காதை வைத்துப் பத்து எண்ணினாள். எட்டில் மறுபடியும் கேட்டது.

காதை எடுத்து ரேடியோவைப் பார்த்தாள். கிண்டலுக்குத் தயாராக நின்றாள். அவனும் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், முகத்தில் ரத்தம் இல்லை. சாப்பாட்டு டப்பாவை மெதுவாகத் தரையில் வைத்தான்.

"இன்னொரு தடவ பாத்துடலாம்க்கா. நானும் வர்றேன்" என்றான்.

அவன் தகட்டை நாலாம் ஆணியில் மாட்டும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு கதவைத் திறந்தாள்.