ஒரே ஒரு குளவியும் ஓடிப்போன கல்யாண ஜோடியும்

போன வாரம் இந்த இடத்தில் கத்தரிக்காய் மோஜு செய்வது எப்படி என்று ஒரு குறிப்பு வந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க" என்று நான்கு வாசகர்கள் எனக்கே போன் பண்ணிச் சொன்னார்கள். என் பத்தியைப் பாராட்டி ஒரே வாரத்தில் நாலு பேர் போன் பண்ணியது இதுவே முதல் தடவை. அதுவும் நான் எழுதாத வாரத்தில்!

ஏன் எழுதவில்லை? காரணம் ஒரு குளவி. கூட்டம் எல்லாம் இல்லை. ஒன்றே ஒன்று.

என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ராமையா. பசறையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் ஏறிப் போகும் பாதையில் ஒரு தோட்டம். அங்கே தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்கிறான். அவனுடைய மூத்த மகள் கௌசல்யாவுக்குக் கல்யாணம். அவள் ஒரு நர்ஸ். அந்தத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன முதல் பிள்ளை. மாப்பிள்ளை சுரேன், எல்லயில் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவர். இந்த மலைப்பாதைகளின் ஒவ்வொரு வளைவும் அவருக்குச் சொந்தக்காரர் மாதிரி.

முகூர்த்தம் ஒன்பதே காலிலிருந்து பத்து நாற்பது வரை. நானும் என் மனைவி விஜயாவும் பதுளையிலிருந்து விடியக்காலையிலேயே கிளம்பி, எட்டு மணிக்கெல்லாம் தோட்டத்துக் கோயில் வாசலில் நின்றோம். நல்ல வெயில், லேசான காற்று, இட்லி வாசனை... இதைவிட வேறென்ன வேண்டும்?

எட்டேகாலுக்கு மாப்பிள்ளை கார் வந்தது. பூவெல்லாம் ஒட்டிய வெள்ளைக் கார். மேளம் கிளம்பியது. மாப்பிள்ளையின் தாய்மாமா ஒருவர், நல்ல வாட்டசாட்டமான மனிதர், பையிலிருந்து ஒரு சரவெடியை எடுத்தார். நீளமென்றால் நீளம், அப்படியொரு நீளம். கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த சவுக்கு மரத்தடியில் போட்டுப் பற்ற வைத்தார்.

அந்தச் சவுக்கு மரத்தின் உச்சியில் ஒரு குளவிக்கூடு இருந்தது. ஊரில் எல்லோருக்கும் தெரியும். மாமா ஊருக்குப் புதிது.

அடுத்த நிமிஷம் நடந்ததை என்னவென்று சொல்ல? மேளக்காரர் தவிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார். ஆரத்தித் தட்டு ஒரு பக்கம், அதைப் பிடித்திருந்த பெண் இன்னொரு பக்கம். மாப்பிள்ளை தலைப்பாகையோடு கோயில் மண்டபத்துக்குள் பாய்ந்தார். நான் விஜயாவை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தும் நேரத்தில்தான், கழுத்தில் சுளீர் என்றது.

கொஞ்ச நேரத்தில் யாரோ பச்சை இலையைக் கொளுத்திப் புகை போட்டார்கள். குளவிகள் விலகின. கணக்கெடுத்தால் ஒன்பது பேருக்குக் கொட்டியிருந்தது. மேளக்காரருக்கு நாலு. கல்யாணக் கார் ஓட்டி வந்தவருக்கு இரண்டு கண் இமையிலும். பாவம், முகம் பணியாரம் மாதிரி ஆகிவிட்டது. வெடி போட்ட மாமாவுக்கு? ஒன்றுகூட இல்லை. நியாயம் என்று ஒன்று உலகத்தில் இருக்கிறதா, சொல்லுங்கள்?

எனக்கு ஒன்றுதான். ஆகவே நான் வைத்தியரானேன். வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை எடுத்து எல்லோருக்கும் தடவிக்கொண்டு, ஜோக் அடித்துக்கொண்டு திரிந்தேன். சில வருஷங்களுக்கு முன் இதே பத்தியில், "குளவி கொட்டினால் சுண்ணாம்பு, அதற்கு மேல் பண்ணுவதெல்லாம் நடிப்பு" என்று எழுதியவன் அல்லவா நான்! (வாபஸ் வாங்குகிறேன். அந்தப் பத்தியை யாராவது வெட்டி வைத்திருந்தால் தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.)

பத்து நிமிஷம் போயிருக்கும். உள்ளங்கை அரித்தது. பிறகு உள்ளங்கால். பிறகு காது, வயிறு, எங்கும். சட்டைக் கையைத் தூக்கிப் பார்த்தால், தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. விஜயா என் முகத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க... ஒங்க ஒதடு ஏன் இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது என் குரலே இல்லை. யாரோ போர்வைக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருந்தது. தொண்டைக்குள் ஏதோ அடைத்தது. மண்டபம் மெதுவாகச் சாய்ந்தது; அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது எனக்குள் வந்த பயத்தை எழுதத் தெரியவில்லை. ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று உடம்புக்கே தெரிந்துவிட்டது... அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒருவர் வெங்காயம் வெட்டச் சொன்னார். ஒருவர் சூடாகப் பிளேன்டீ கொடுக்கச் சொன்னார். "காத்தோட்டமா வெளிய நடக்க வைங்க" என்று இன்னொருவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"யாரும் அவரை எழுப்பாதீங்க!"

பக்கத்து அறையிலிருந்து வந்த குரல். பார்த்தால் கல்யாணப்பெண். தலையில் பாதிப் பூ, ஒரு கையில் மட்டும் வளையல். வந்தவள் தரையில் என் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"மாமா, நாக்கு தடிச்ச மாதிரி இருக்கா? மூச்சு எடுக்க ஏலுதா?"

முதல் கேள்விக்கு ஆமென்றும் இரண்டாவதற்கு இல்லையென்றும் தலையை ஆட்டினேன்.

"இதுக்கு முந்தி எப்பவாச்சும் குளவி கொட்டியிருக்கா?"

"போன வருஷம்..." விஜயாதான் பதில் சொன்னாள். "நம்ம கடை போர்டுக்குப் பின்னால ஒண்ணு. அப்ப லேசா வீங்கிச்சு, அவ்வளவுதான்."

கௌசல்யா என் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். முகம் மாறியது. "படுக்க வைங்க. காலைத் தூக்கிப் பிடிங்க. குடிக்க ஒண்ணும் குடுக்க வேணாம். அப்பா, இது சும்மா வீக்கம் இல்ல, அலர்ஜி. இவருக்கு உடனே ஊசி போடணும். இங்க வச்சுப் பார்த்துக்கிட்டிருக்க நேரமில்ல."

ஆஸ்பத்திரி இருபது நிமிஷ தூரம். வாகனம்? கல்யாணக் கார் மட்டும்தான் கோயில் வரைக்கும் ஏறியிருந்தது. விருந்தாளிகளின் வேன்கள் எல்லாம் கீழே ஃபெக்டரி முற்றத்தில். காரை ஓட்டி வந்தவருக்கோ கண் திறக்கவில்லை.

"சாவி எங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

அதுதான் அன்று அவர் கல்யாணப்பெண்ணின் முன் பேசிய முதல் வார்த்தை. கௌசல்யா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நானும் வாறேன். வழியில மூச்சு நின்னா பார்க்க ஆள் வேணும்."

ராமையாவின் அக்கா பதறிப்போனார். "அடி, முகூர்த்த நேரத்துல பொண்ணு கோயிலை விட்டுப் போறதா? அபசகுனம்டி!"

"அத்தை, இன்னும் ஒரு மணித்தியாலம் கழிச்சு வந்து பொண்ணா ஒக்காந்துக்கிறேன். இப்ப நான் நர்ஸ்."

ராமையா என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். "போ மா" என்றான். குரல் உடைந்திருந்தது. நாற்பது வருஷ நட்பில் அவன் எனக்குச் செய்த எத்தனையோ உதவிகளில், அந்த இரண்டு வார்த்தை மாதிரி எதுவும் இல்லை.

பந்திப் பெஞ்சு ஒன்றில் என்னைப் படுக்க வைத்து நாலு பேர் காருக்குத் தூக்கிப் போனார்கள். பின் சீட்டில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். விஜயா குனிந்து என் கால்களை உயர்த்திப் பிடித்திருந்தாள். முன் சீட்டில் கௌசல்யா பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் மணிக்கட்டை விடவே இல்லை. சுரேன் ஹாரனில் கை வைத்தார். ஐயா, ஓட்டம் என்றால் அது ஓட்டம்! வளைவுகள் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. நடுவில் வாந்தி எடுத்தேன். கௌசல்யா என்னைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். அவளுடைய சேலை முந்தானை நாசமாயிற்று. கூறைச்சேலையை மணவறையில் வைத்துக் கொடுத்த பிறகுதான் கட்டுவார்கள் என்று விதித்த முன்னோர்கள் வாழ்க.

இதற்கிடையில் எதிர்ப்பக்கம் ஒரு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டாரின் மிச்சச் சொந்தக்காரர்கள். அவர்கள் கண்ணில் பட்டது என்ன? பூ ஒட்டிய கார். தலைப்பாகையோடு மாப்பிள்ளை ஓட்டுகிறார். பக்கத்தில் பெண். கார் கோயிலுக்கு எதிர்த்திசையில் பறக்கிறது!

படுத்திருந்த நானோ, குனிந்திருந்த விஜயாவோ அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் ஒரே கூச்சல். மாப்பிள்ளையின் சின்னம்மா ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாராம்.

"அடேய் சுரேன்! நாங்கதானேடா கட்டி வைக்கப் போறோம்! அதுக்குள்ள ஏன்டா இழுத்துக்கிட்டு ஓடுற!"

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. இளம் சிங்கள டொக்டர் ஒருவர் ஓடி வந்தார். மாலை நேரத்துச் சூரியன் மாதிரிச் சிவந்திருந்த என்னையும், பாதி அலங்காரத்தில் நின்ற பெண்ணையும், வேட்டியை மடித்துக் கட்டிய மாப்பிள்ளையையும் பார்த்துத் திகைத்தார்.

"யாருக்குக் கல்யாணம்? யாருக்கு வருத்தம்?" என்றார், அவருக்குத் தெரிந்த தமிழில். நோயாளி யார் என்று கேட்கிறார்.

கௌசல்யா மடமடவென்று சிங்களத்தில் சொன்னாள். எத்தனை மணிக்குக் கொட்டியது, எப்போது வீங்கியது, நாடி எப்படி... எல்லாம். டொக்டர் ஒரு நிமிஷமும் வீணாக்கவில்லை. தொடையில் ஒரு ஊசி. அட்ரினலின் என்று பிறகு சொன்னார்கள். மூக்கில் ஒக்சிஜன். கையில் சேலைன்.

சில நிமிஷங்கள். தொண்டைக்குள் பூட்டியிருந்த கதவை யாரோ மெல்லத் திறந்தார்கள். மூச்சு உள்ளே போயிற்று! ஐம்பத்து மூன்று வருஷமாகச் செய்துகொண்டிருக்கும் காரியம்தான். அதில் இவ்வளவு ருசி இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

விழுந்திருந்த பிரஷர் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கௌசல்யா என் கையை விட்டாள். விட்டதும் அழுதாள். அதுவரை அழவே இல்லை அந்தப் பிள்ளை. சுரேன் என்ன செய்வதென்று தெரியாமல், தன் தலைப்பாகையைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கக் கொடுத்தார்.

"மிஸ், கல்யாணம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் டொக்டர்.

"பத்து நாப்பது வரைக்கும் நேரம் இருக்கு டொக்டர்."

"இப்போ ஒன்பது இருபத்தஞ்சு! இவரை நான் பார்த்துக்கிறேன். போங்க, போங்க!"

ஆஸ்பத்திரிக்காரர்கள் வாசல் வரை வந்து அவர்கள் இரண்டு பேரையும் கைதட்டி விரட்டினார்கள். என்னைப் போக விடவில்லை. இந்த அலர்ஜி அடங்கின மாதிரி அடங்கி, சில மணித்தியாலத்தில் மறுபடியும் கிளம்பலாமாம். அதனால் மறுநாள் வரைக்கும் வார்ட்டில்தான்.

பத்து மணி தாண்டியதும் விஜயாவின் போன் அடித்தது. வாட்ஸ்அப் வீடியோ. திரையில் மணவறை! ராமையாவின் மகன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். நாங்கள் பார்ப்பதைக் கண்டு பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வந்தார். அடுத்தவர் சேலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கால் கட்டோடு ஒரு சிங்களத் தாத்தா, "அபிட்டத் பென்னன்ன" என்று கேட்டு முன்னால் இடம் பிடித்தார். எங்களுக்கும் காட்டுங்கள் என்கிறார். டியூட்டி நர்ஸ் அதட்ட வந்தவர், "கொஞ்சம் சவுண்ட கூட்டுங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

கெட்டிமேளம் கேட்டது. நாலு கொட்டு வாங்கிய அதே மேளக்காரர்தான். வீங்கிய கையோடு வெளுத்துக் கட்டினார். பத்து இருபத்தெட்டுக்குத் தாலி ஏறியது. வார்ட் முழுக்கக் கைதட்டல். அட்சதைக்கு எங்கே போவது? சிங்களத் தாத்தா தன் தலைமாட்டிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டை உடைத்து எல்லோருக்கும் ஒவ்வொன்று கொடுத்தார். இவ்வளவு சந்தோஷமான கல்யாணத்தை நான் பார்த்ததே இல்லை. அதுவும் படுத்துக்கொண்டே!

பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்லையா என்று பெயர். தேயிலை மலையில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். முந்தின நாள் வேலை செய்துகொண்டிருக்கும்போது குளவிக்கூட்டம் கலைந்து, இருபது இடத்துக்கு மேல் கொட்டிவிட்டதாம்.

"ஒங்களுக்கு எத்தனைங்க?" என்றார்.

"ஒண்ணு" என்றேன், வெட்கத்தோடு.

அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணே போதுங்க. எங்க மலையில ஒரு அக்கா இருக்கு. ஒண்ணு கொட்டுனதுக்கே மயங்கி விழுந்துச்சு. சும்மா நடிக்குதுன்னு பேசுனாங்க. நாங்க மூணு பேர் விடாம தூக்கிட்டு வந்தோம். இப்ப நல்லா இருக்கு."

நடிப்பு என்று எழுதியவன் பக்கத்திலேயே படுத்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியாது. அவரும் அவரோடு வேலை செய்கிறவர்களும் இந்தக் குளவிகளுக்கு நடுவில்தான் தினமும் மலை ஏறுகிறார்கள். நான் ஒரு நாள் கல்யாணத்துக்குப் போனவன்.

மறுநாள் டொக்டர் விளக்கினார். முதல் தடவை கொட்டும்போது உடம்பு பகையை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுமாம். அடுத்த தடவை ஒன்று வந்தாலும் ஊரையே கூட்டிக்கொண்டு சண்டைக்குப் போகுமாம். கிளினிக்குக்கு வரச் சொன்னார். குளவி அலர்ஜி என்று ஒரு சீட்டு எழுதிப் பர்ஸில் வைக்கச் சொன்னார். உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, மயக்கம் — இதில் எது வந்தாலும் சுண்ணாம்பைத் தேடாமல் வண்டியைத் தேடச் சொன்னார்.

நான் சேர்த்துக்கொள்வது ஒன்றுதான். யாருக்காவது குளவி கொட்டினால், எத்தனை கொட்டியது என்று எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள். கொட்டு வாங்கியவரின் முகத்தைப் பாருங்கள்.

நேற்று இன்னொரு கல்யாணப் பத்திரிகை வந்தது. விஜயா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பொண்ணு ஏதோ பேங்க்ல வேலையாம்... நாம கட்டாயம் போகணுமாங்க?"