கந்தையா ஐயாவும் இடப்பக்கக் குழாய்களும்

வியாழக்கிழமை கந்தையா ஐயா சோதனைக்கு வருவார் என்று பாய்லரை அணைத்து, இரண்டு பக்கக் கதவுகளையும் திறந்து வைத்திருந்தோம். வந்தது ரயில் கார்டு வேலு. பிரிக்பீல்ட்ஸில் ஐயா வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான்.

"அண்ணே, ஐயா போயிட்டாரு. மரம் அறுக்கற ஆலையில பாய்லர் குழாய் வெடிச்சிருச்சு."

"எந்த ஐயா?" என்றேன். தெரிந்தேதான் கேட்டேன். அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

கிள்ளான் வட்டாரத்தில் பாய்லரோடு மல்லுக்கட்டும் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பாய்லர் சோதனை அதிகாரி, யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் தேங்காய் எண்ணெய் ஆலையில் பாய்லர் என் பொறுப்பு. வயதில் மூத்தவன் என்பதால் என்னை "அண்ணை" என்பார். பதவிக்காக நான் "ஐயா" என்பேன். கடைசிவரை இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் பாய்லரில் இடப்பக்கக் குழாய்கள் மட்டும் அடிக்கடி ஓட்டையாகும். கரிச் சாம்பல் பறந்து உரசுவதால் தேய்கிறது என்றார் ஆலையை நடத்தும் துரை. நாங்களும் தலையாட்டினோம். ஐயா ஒரு குழாயை அறுத்தெடுத்து வெயிலில் பிடித்தார். ஒரு பக்கம் வெள்ளிக்காசின் கனம், மறுபக்கம் வெற்றிலை.

"சாம்பல் எண்டால் வலப்பக்கக் குழாயும் தேய வேணும். ஏன் இஞ்சை மட்டும்?"

குழாய்களில் படியும் புகைக்கரியை நாங்கள் நீராவி பீய்ச்சித்தான் அகற்றுவோம். அதைச் செய்து காட்டச் சொன்னார். வழக்கம்போல இடக் கதவு வழியாகப் பீய்ச்சினோம். வலக் கதவில் நின்றால் சுவரோரம் இருந்த முனியாண்டி சாமிக்கு முதுகைக் காட்ட வேண்டும். அதை எவன் செய்வான்? போதாக்குறைக்கு, பீய்ச்சும் குழலில் தேங்கிய தண்ணீரையும் நாங்கள் வடிப்பதில்லை. நீராவியோடு பாய்ந்த துளிகள் ஒரே இடத்தை நாள்தோறும் அரித்திருக்கின்றன.

காரணத்தைச் சொல்லிவிட்டு, சிரித்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சாமியைக் கும்பிட்டார்.

"முனியாண்டி காவல் தெய்வமல்லோ, அண்ணை? காவல்காரர் வாசல்ல நில்லாமல் உள்ளுக்கை நிண்டு ஏன் வேகுறார்?"

பூசை போட்டுச் சாமியை வாசலுக்கு மாற்றினோம். ஐயா சுத்த சைவம். சேவல் அறுக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, "முடிஞ்சுதோ? முடிஞ்சுதோ?" என்று கேட்டபடியே நின்றார். கூப்பிட்ட மரியாதைக்காக நகரவில்லை. அன்று முதல் தண்ணீரை வடித்துவிட்டு, இரு கதவிலும் முறை வைத்துப் பீய்ச்சுகிறோம். அதற்குப் பிறகு ஒரு குழாய்கூட ஓட்டையாகவில்லை.

போன வாரம் எங்கள் ஆலையில் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "அந்த மர ஆலையில குழாயெல்லாம் மெலிஞ்சு போச்சு, அண்ணை. மாத்திற வரைக்கும் நெருப்பு மூட்டாதேங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். ஒருக்காப் போய்ப் பாக்க வேணும்."

போய்ப் பார்த்தபோது அங்கே நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே சீறல் கேட்டதும் விறகு போடுகிறவர்களை வெளியே விரட்டியிருக்கிறார். அவர்கள் பிழைத்தார்கள். அவர் வெளியே வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு மர ஆலைக்காரர் பெரிய மாலையோடு வந்தார். "எல்லாம் விதிங்க" என்றார். ஐயாவின் மனைவி தலை நிமிரவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் அந்த மாலையை நானே வாங்கி வைத்தேன், அதுதான் இப்போதும் நெஞ்சை அறுக்கிறது.

எங்கள் பாய்லர் கதவுகள் இன்னும் திறந்தே கிடக்கின்றன. வேறோர் அதிகாரி வருவார், பார்ப்பார், மூடுவோம். ஐயா அறுத்த குழாய்த்துண்டு முனியாண்டியின் சூலத்தில் தொங்குகிறது, அது ஆலைக்கு. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, "ஏன் இஞ்சை மட்டும்?" என்று அவர் கேட்ட கேள்வி. அடுத்த வாரம் மரண விசாரணை. அவரை அறிந்தவர்களே, நீங்களும் வாருங்கள். அணைக்கச் சொன்னபோதெல்லாம் நம்முடைய பாய்லர்கள் அணைந்தன. ஏன் அங்கே மட்டும் எரிந்தது?