நான்காக மடித்த பனியன்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். ஆண்டவருக்குத் தெரிந்ததை உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

திருவிடந்தைப் பக்கம் எங்கள் சபையில் கிறிஸ்துமஸுக்கு ஓட்டம் வைப்போம். ஓடி முடிக்கும் ஒவ்வொருவர் பேரிலும், அவரே கொடுத்ததாக எழுதி, சபை செலவில் ஓர் அரிசிப் பை, இல்லாதவர்களுக்கான எங்கள் அலமாரிக்கு வரும். அங்கே வாராவாரம் அரிசி வாங்க ஒரு பெரியவர் வருவார். ஒல்லி உடம்பு, வெள்ளை மீசை. காலிப் பையை நான்காக மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

அந்த வருடம் அவரும் ஓட்டக்காரர்களுக்கான பனியனைப் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஓடி முடித்தார். பேர் எழுதும் மேசையில் நான்தான் இருந்தேன்.

"என் பேர்ல ஒரு பை வையிம்மா. இந்த ஒருவாட்டி நானும் குடுத்தவனா இருந்துட்டுப் போறேன்," என்றார் மூச்சிரைக்க.

"வாங்கித் துன்றவங்க பேரெல்லாம் இதுல வராது பெரியவரே," என்றேன்.

தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தவர், "இன்னா பெருசு, நம்ம அரிசியத் துன்ன தெம்புல நம்மளயே தாண்டிக்கினு வந்துட்ட?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பெரியவர் பனியனைக் கழற்றி, விலா எலும்பு தெரிய நின்று, அதை நான்காக மடித்து மேசையில் வைத்தார். அதன்பிறகு அவர் அரிசிக்கு வரவேயில்லை.

அப்படி ஒரு விதி எங்களிடம் கிடையாது. அது நானாகச் சொன்னது.

இதை யாரிடமாவது சொன்னால், நான் சிரித்ததையும் விடாமல் சொல்லுங்கள்.