அப்பா பேரில் ஒரு பர்மிட்

ஒரு பொய்ப் பூச்சியை நம்பி மீன் தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடிக்காக நாள் முழுக்கக் கால் மரக்க நிற்கலாம். நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது ஊட்டிக் காலேஜில் சேர்ந்த வருஷம். குன்னூர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த தேயிலை எஸ்டேட்டில் பழைய பங்களாவை ஒழித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று துண்டாகக் கழற்றி மாட்டுகிற மூங்கில் தூண்டில் ஒன்று, ரீலோடு, குப்பையில் கிடந்தது. கேட்டு வாங்கிக்கொண்டேன். லைப்ரரியில் அதற்கு ஒரு புத்தகமும் அகப்பட்டது. புழு கிடையாது, தக்கை கிடையாது. முள்ளின்மேல் சேவல் இறகைச் சுற்றித் தையல் நூலால் கட்டினால் அதுதான் பூச்சி. அதற்குக் கனமே இல்லை. அதனால் வீச வேண்டியது பூச்சியை அல்ல, தூண்டிலின் கனமான நூலை. நூல் தலைக்குப் பின்னால் போய் முழுசாக நீளும்வரை பொறுக்க வேண்டும், அப்புறம்தான் முன்னால் தள்ள வேண்டும். பொறுப்பது என்பது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை. போதாததற்கு, லீவு நாளெல்லாம் கொழுந்து பறித்த கை. தோளுக்கு மேலே கூடைக்குள் எறிகிற மாதிரியே மணிக்கட்டை மடக்கிவிடுவேன். பூச்சி பின்னால் விழுந்து செடியைப் பிடித்துக்கொள்ளும்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் கொழுந்து நிறுக்கிற மேடையில்தான் பயிற்சி. பக்கத்து வீட்டு அக்கா விடமாட்டார்.

“ஏ புள்ள, வானத்துலயா மீன் புடிக்கிற?”

“பழகுறேன்க்கா.”

“நல்லாப் பழகு. எங்க சேவலுக்கு வாலே இல்லாமப் போச்சு.”

அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை. படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தபடி நூல் போய் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிலோனில், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் துரை மீன் பிடிக்கப் போனால் மாட்டிய மீனை அள்ளுகிற கைவலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகிற ஆள் அப்பாதான். தூண்டிலைத் துடைத்திருக்கிறார், தோளில் சுமந்திருக்கிறார்.

“நீங்க வீசியிருக்கீங்களாப்பா?”

“நான் எங்க வீச? தொர ‘நெட்’டுன்னா குதிப்பேன். அவ்ளோதான்.” டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். “ஒரே ஒரு மீனு, நானே வீசி நானே இழுத்துப் புடிக்கணும்னு ஆச இருந்திச்சி. அத போயி கேக்க முடியுமா?”

அடுத்த வாரமே மீன்வளத்துறை ஆபீஸில் நின்றேன். மீன் பிடிக்க ஒரு நாள் பர்மிட், அப்பா பேரில். கப்பலேறி வந்த பிறகு அவர் பேரை எழுதி வாங்கிய காகிதங்கள் நிறைய உண்டு. விளையாடுவதற்கென்று வாங்கியது இது ஒன்றுதான்.

ஊட்டிக்கு அப்பால் அவலாஞ்சியில் நானும் அப்பாவும் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது பனி விலகவில்லை. ஓடைக்கரையில் மீன்வளத்துறை வாட்சர் பர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, பேரு அப்பாவுதுங்களா? அப்ப அவருதான் வீசோணும். நீங்க தூண்டலைத் தொடப்படாதுங்க. சின்ன மீனா இருந்தா திருப்பி வுட்டுப்போடோணும்.”

“பெரிசா இருந்தா?”

“என்னையக் கூப்புடோணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா வீசினார். முதலில் தொப்பியில் மாட்டியது, அப்புறம் என் ஸ்வெட்டரில். மத்தியானம் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் தின்று முடித்த பிறகு கை கொஞ்சம் கேட்க ஆரம்பித்தது. தண்ணீர் பாறையைச் சுற்றித் திரும்பி அடங்குகிற இடத்தில் பூச்சி சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. கண்ணாடிமேல் நடக்கிற மாதிரி மிதந்து வந்தது. சளக். காணோம். கம்பு வில்லாய் வளைந்தது.

“அப்பா, மீனு!”

அப்பா என்ன செய்தார் தெரியுமா? கம்பைப் பத்திரமாகப் புல்லில் வைத்துவிட்டு, கைவலையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் குதித்தார்.

நூல் தொய்ந்தது. மீன் போய்விட்டது. இடுப்பளவு குளிர் தண்ணீரில், காலி வலையோடு, அவர் திரும்பிக் கரையைப் பார்த்தார். தூண்டிலைப் பிடித்தபடி அங்கே யாரோ நிற்க வேண்டும் என்பது போல. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

கரையேறி வேட்டியைப் பிழிந்தார். “இது சரிவராது புள்ள. நீ வீசு. நான் வலைக்கு நிக்கிறேன்.”

“வாட்சர் பாத்தா கேஸ் எழுதிருவாரு.”

“அவரு எங்க பாக்கப்போறாரு?”

“நான் பாப்பேன்ல” என்றேன். வலையைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன். “வீசுங்க.”

திரும்பத் திரும்ப வீசினார். மீன் எதுவும் எட்டிப்பார்க்கவில்லை. வெயில் மலைமுகட்டுக்கு ஏறிவிட்டது. இனி பஸ்தான் என்று நான் நினைத்த நேரத்தில் கம்பு மறுபடி வளைந்தது. அப்பாவின் இடது கை தானாக இடுப்பைத் தடவி வலையைத் தேடியது.

“விட்டுராதீங்கப்பா! புடிங்க!”

“புடிச்சித்தான்டி இருக்கேன்! நீ எறங்கு!”

பாவாடையோடு இறங்கினேன். பாசியில் வழுக்கி உட்கார்ந்தேன். கரையிலிருந்து ஒரே கத்தல்.

“வலய ஆட்டாத! தண்ணிக்குள்ள அமுக்கிப் புடி! மீனு வலைக்கி வரும், நீ போகாத! அறிவிருக்கா?”

என்னை அறிவில்லாதவள் என்று இவ்வளவு சந்தோஷமாக அவர் ஒருநாளும் திட்டியதில்லை. வலை கனத்தது. விலாவில் ரோஸ் கோடும் உடம்பெல்லாம் மிளகுப் புள்ளியுமாக ஒரு டிரவுட் மீன். திருப்பி விட வேண்டிய அளவில்லை. அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, “இப்ப இத என்னா செய்யிறது?” என்றார்.

“உங்க மீனு. நீங்கதான் சொல்லணும்.”

ஈரப் புல்லைப் பரப்பித் தன் துண்டில் சுற்றி வைத்தார். வாட்சரை நானே சத்தம்போட்டுக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்து, “பெருசுதானுங்க” என்று ஒப்புக்கொண்டு போனார். நான் கம்பைக் கழற்றக் குனிந்தேன்.

“யாரு கழட்டச் சொன்னா?”

“கடைசி பஸ் போயிரும்பா.”

“போகட்டும். தொர இன்னும் வீசி முடிக்கல.”

சொல்லிவிட்டுத் தலையைச் சாய்த்து ஒரு பெரிய வீச்சு வீசினார். பூச்சி பின்னால் புதரில் போய் நன்றாக மாட்டிக்கொண்டது. நான் ஏறிப்போய் எடுத்துவிட்டேன்.