ஒரு குடும்பத்துக்கு ஒரு தயிர் வாளி

போன சனிக்கிழமை லண்டன் பிளேஸ்டோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் பத்துக் குடும்பங்களை ஒரே வரிசையில் நிறுத்தி வைத்தேன். எதற்கு? தயிருக்கு!

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோயில் தேர். தேர் வரும் தெருவில் எங்கள் தண்ணீர்ப் பந்தல். 'இந்த முறை மோர் வேண்டாம், ஜூஸ் கரைத்துக் கொடுப்போம்' என்று கூட்டத்தில் பேச்சு வந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. வெறுங்காலோடு தேர் இழுத்து வருகிற சனத்துக்கு ஜூஸா? எழும்பி நின்றேன்.

"மோர் என்ட பொறுப்பு."

"அவ்வளவு தயிருக்கு எங்க போவியள் அண்ணை?"

"அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்."

சொன்னால் சொன்னதுதான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், லண்டனில் கோப்பை கழுவித் தொடங்கியவன், இன்று சொந்தமாகப் பெற்றோல் ஸ்டேஷன் வைத்திருக்கிறேன். தயிர் வாங்க வசதி இல்லையா? இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து யாரும் வாங்கலாமே... அதில் என்ன கெட்டித்தனம்?

மகன் ரூபன் இன்டர்நெட்டில் ஒரு கூப்பன் காட்டியிருந்தான். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் பெரிய தயிர் வாளி ஒன்று இலவசம். கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது. பிரிண்ட் பட்டனைப் பத்துத் தரம் அமத்தத் தெரியும்.

பத்து வாளிகளையும் காசு கட்டும் டில்லில் அடுக்கி, பத்துத் தாள்களையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்துப் பிடித்தேன். டில்லில் இருந்த பிள்ளை மிரண்டுபோய் சூப்பர்வைசரைக் கூப்பிட்டது. மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். தாளின் அடியில் எறும்பு சைஸில் இருந்த எழுத்தை விரலால் தட்டினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு கூப்பன்!

"இதை வாசிக்கவில்லையா?" என்று கேட்டார்.

"வாசிக்கவில்லை. ஆனால் குடும்பங்களைக் கூட்டி வருவேன்" என்று என் இங்கிலீஷில் சொன்னேன். வாளிகளை ஓரமாக வைத்துவிட்டு மொபைலை எடுத்தேன்.

முக்கால் மணி நேரத்தில் ரூபனும் பந்தல்காரர் எல்லோரும் வந்துவிட்டார்கள். "உங்களுக்கு ஏதோ நடந்துபோச்செண்டெல்லோ ஷிப்டை விட்டிட்டு ஓடி வந்தனான்!" என்று ஒருவர் மூச்சு வாங்கினார். ஆளுக்கொரு தாள் கொடுத்து வரிசையில் விட்டேன்.

சூப்பர்வைசர் லேசுப்பட்டவர் இல்லை. ஒவ்வொருவரின் பேங்க் கார்டையும் வாங்கி, சர்நேமைக் கூப்பனின் பின்பக்கம் எழுதினார். நம் ஆட்களுக்கு அப்பாவின் பெயர்தானே சர்நேம்? என் மகனுடைய சர்நேம் என் பெயர். என்னுடையது என் அப்பாவின் பெயர். அவன் பார்க்கிங் என்ற ஊரில் தனிக்குடித்தனம், நியாயப்படி வேறு குடும்பம்தான். ஆனாலும் பெற்ற அப்பனும் மகனும் யாரோ எவரோ போல அந்த அம்மாவைக் கடந்து போனோம்.

எட்டு வாளி வந்துவிட்டது. ஒன்பதாவதாக எங்கள் பந்தல்காரர் தவம் நின்றார். கார்டில் கந்தையா. சூப்பர்வைசர் எழுதினார். பத்தாவது ஆள் குணம். கார்டில்... அதுவும் கந்தையா!

பேனா நின்றது. "நீங்கள் இருவரும் சகோதரர்களா?"

"நோ!" இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

கத்தாமல் என்ன செய்வார்கள்? கோயில் கார்ப் பார்க்கில் ஒருவர் காரை மற்றவர் மறித்து விட்டதில் தொடங்கி, மூன்று வருடமாக முகம் பார்க்காதவர்கள்!

"உவனோ எனக்குத் தம்பி? காரை மறிச்சுப்போட்டு உள்ளுக்குப் போய்ப் பொங்கல் திண்டவன்!" என்று தவம் பாய்ந்தார்.

"பொறும், பொறும். கோணலா விட்டது ஆர்? உம்மட கொப்பரும் கந்தையா எண்டது நான் செய்த பிழையோ?"

"கொப்பர் எண்டு கதையாதையும், சொல்லிப்போட்டன்!"

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "இப்படிச் சண்டை போடுவது கூடப்பிறந்தவர்கள் மட்டும்தான். எனக்கும் நாலு அண்ணன்மார் இருக்கிறார்கள்" என்றார். கந்தையா குடும்பத்துக்கு ஒரே ஒரு வாளி. தீர்ப்பு முடிந்தது!

ஆக, ஒரு வாளி குறைவு. மோர் போதாமல் போனால் என் வாக்கு என்னாவது? பர்ஸைத் தொட்டேன்... விட்டுவிட்டேன். தண்ணீர் எதற்கு இருக்கிறது?

அந்தக் கந்தையா வாளியை யார் கொண்டு போவது என்று அடுத்த வழக்கு. தவத்தின் காரில் ஏற்றினோம். "உவரை நம்பி விடேலாது" என்று குணமும் ஏறி, வாளியை மடியில் வைத்துக்கொண்டார். மூன்று வருடக் கோபக்காரர்கள் ஒரே காரில் போகிறார்கள்! பார்த்து நின்ற எங்களுக்குச் சிரித்துச் சிரித்தே வயிறு நொந்தது.

ஞாயிறு தேர் வந்தது. இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் தாராளமாகப் போட்டிருந்தேன். "அண்ணை, மோருக்குள்ள தண்ணியோ, தண்ணிக்குள்ள மோரோ?" என்று ஒருவர் நக்கலடித்தார். அவரே மூன்று கப் குடித்தார். கடைசியாக வந்த காவடிக்காரர் வரைக்கும் மோர் கிடைத்தது. சொன்னேனா இல்லையா?

பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு குரல்கள் கேட்டன.

"தம்பி, உப்புக் காணாது."

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. எனக்கு ரெண்டு கைதானே கிடக்கு?"

திரும்பிப் பார்த்தேன். தவமும் குணமும்!

கோயில் தலைவர் மூன்று வருடம் நடையாய் நடந்தும் முடியாத சமாதானம் இது. நான் ஒரே ஒரு தயிர் வாளியில் முடித்து வைத்தேன் — அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.